மறு: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 ஆணைக்கான தமிழ்க் கலைச்சொற்கள் – ‘வதிவிட அனுமதி’ சரியா?

> ஐரோப்பியக் குடிமக்களின் வெளிநாட்டுக் குடும்பத்தினர் பெறும் ரெசிடென்ஸ் கார்டுக்கு ‘வதிவிட அனுமதி அட்டை’ என்று போட்டிருக்கிறேன். பெர்மனென்ட் என்று வந்தால் முன்னால் ‘நிரந்தர’ சேர்த்துக்கொள்ளலாம். போதும்தானே?

ஐயா, ‘நிரந்தர’ இருக்கட்டும், ‘அனுமதி’தான் உதைக்கிறது. அனுமதி என்றால் ஓர் அதிகாரி கொடுப்பது. அவர் கொடுக்காவிட்டால் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் அவர்கள் குடும்பத்தினரும் வேறோர் உறுப்பு நாட்டில் போய் வாழும் உரிமையைப் பற்றிய இந்த ஆணையில் விஷயம் வேறு. ஒரு பிரெஞ்சுப் பெண் டப்ளினில் வேலை பார்க்கிறார், கணவர் பிரேசில்காரர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாழும் உரிமை கணவருக்குச் சட்டத்திலிருந்தே வந்துவிடுகிறது. அயர்லாந்து அரசு தரும் அட்டை அந்த உரிமைக்கு அத்தாட்சி மட்டுமே. அட்டைக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால் அபராதம் போடலாம், அதற்காக உரிமை போய்விடாது. ஆகவே ‘வதிவுச் சான்றட்டை’ என்பது என் பரிந்துரை. (இதே தம்பதி பிரான்ஸை விட்டு நகராமல் பாரிஸிலேயே இருந்திருந்தால் இந்த ஆணை பொருந்தாது, உள்நாட்டுச் சட்டம்தான்.)

செய்தித்தாள்கள் எழுதும் ‘நிரந்தரக் குடியுரிமை’யை யாரும் முன்மொழிய மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்தக் கணவர் கையில் பிரேசில் பாஸ்போர்ட்தான்.

இன்னொன்று, உரிமை யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். முதல் ஐந்தாண்டும் அது மனைவியைச் சார்ந்தது. அவருக்கு வேலையோ போதிய வருமானமும் மருத்துவக் காப்பீடுமோ இருக்க வேண்டும். இதற்கு ‘சார்பு வதிவுரிமை’. ஐந்தாண்டு சட்டப்படி தொடர்ந்து இருந்துவிட்டால் 16-ஆம் பிரிவின்படி அந்த நிபந்தனைகள் கழன்றுவிடும். உரிமை கணவருக்கே சொந்தம். அதுதான் ‘நிரந்தர வதிவுரிமை’. முதல் அட்டை பொதுவாக ஐந்தாண்டுக்கு. இரண்டாவது பத்தாண்டுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

நடுவில் மனைவி இறந்துவிட்டால்? அதற்கு முன் ஓராண்டாவது அந்த நாட்டில் குடும்பத்தினராக வாழ்ந்திருந்தால் உரிமை நீடிக்கும். மணமுறிவு என்றால், வழக்குத் தொடங்கும்போது திருமணமாகி மூன்றாண்டும் அதில் ஓராண்டு அந்த நாட்டிலும் ஆகியிருக்க வேண்டும். குடும்ப வன்முறை, பிள்ளைப் பொறுப்பு போன்றவற்றுக்குத் தனி விலக்கு உண்டு. இதற்கு ‘தக்கவைத்த வதிவுரிமை’ என்று போடலாமா?

---

> சான்றட்டை நல்ல சொல். ஆனால் ‘நிரந்தர’ எப்படிச் சரியாகும்? தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் வெளியே போனால் இழந்துவிடுகிறார்களே. ‘நிலைத்த வதிவு’ எனலாம். அப்புறம், 16(2)-இல் குடிமகனோடு ‘சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்’ என்று வருகிறது. அதற்கு ‘கூட்டு வதிவு’ என்று வைத்திருக்கிறேன்.

நிலைத்ததும் இரண்டாண்டில் போய்விடுமே, அதனால் அந்த மாற்றத்தில் லாபமில்லை. ‘நிரந்தர வதிவிடம்’ ஈழத்தமிழர் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொல். அதை விடக்கூடாது.

‘கூட்டு வதிவு’ மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே கூரை, ஒரே சமையல் என்று அர்த்தமாகிவிடும். 1985-இல் டியாட்டா வழக்கிலேயே, பெர்லினில் கணவரைப் பிரிந்து தனியாக இருந்த செனகல் பெண்ணுக்காக, ஒரே வீட்டில் நிரந்தரமாக இருக்கத் தேவையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பழைய சட்டத்தின் கீழ். 2014-இல் ஒகியேரியாக்கி வழக்கு இந்த ஆணையின் 16(2)-ஐப் பற்றியே வந்தது. அயர்லாந்தில் இருந்த நைஜீரியர், பிரெஞ்சு மனைவி. இருவரும் பிரிந்து வேறு துணைகளோடு வாழ்ந்த காலமும் ஐந்தாண்டுக் கணக்கில் சேரும் என்றது தீர்ப்பு, திருமணம் சட்டப்படி முறியாததால். ‘கூட்டு வதிவு’ என்று எழுதினால் அவருக்கு உரிமையே இல்லை என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார். ‘குடும்பத்தினராக வதிந்த காலம்’ என்று விரித்தே எழுதிவிடலாம். இதற்கு ஒற்றைச் சொல் தேவையில்லை.

ஆணையில் ‘ஹோஸ்ட்’ என்று வரும், அதாவது குடிமகன் போய் வாழும், நாட்டுக்கு யாரோ ‘விருந்தோம்பும் நாடு’ என்று அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். குடியேற்ற அலுவலக வரிசையில் நின்றவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ‘தங்கும் நாடு’ என்று மாற்றிவிடுகிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.