படகு லிஃப்ட் வார்ம் கியர் தேய்கிறது, வழி சொல்லுங்கள்

ராணிப்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரின் படகைக் கழிமுகத்தில் தூக்கி நிறுத்தும் மோட்டார் லிஃப்டின் கியர்பாக்ஸ் இப்போது என் மேஜையில் இருக்கிறது. 1 எச்பி மோட்டார், 1440 ஆர்பிஎம், 60:1 வார்ம் கியர் (திருகு மாதிரியான வார்ம் தண்டு வெண்கலப் பல்சக்கரமான வீலைச் சுற்றும் வகை), சுமை படகைத் தாங்கும் தொட்டிலோடு 300 கிலோ.

போன மழைக்காலத்துக்குப் பிறகுதான் தொல்லை. பாதியில் நிறுத்தினால் அலை ஆட்டத்தில் படகு மெல்ல இறங்குகிறது. எண்ணெயை வடித்தால் பொன்தூள் மாதிரி மினுக்குகிறது. வெண்கல வீலின் பற்கள் கத்தி முனையாகிவிட்டன, வார்மின் மேல் உப்புத் துருவின் குழிகள் விரலுக்கே தட்டுப்படுகின்றன.

சீல், பேரிங் மாற்றியாச்சு. வெண்கலத்தை அரிக்கும் கந்தகக் கலப்பு எண்ணெயா என்று சந்தேகித்து, 460 கிரேடு சிந்தெடிக் ஊற்றினேன். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து வீலை நடுவாக்கி, பற்கள் எங்கே தொடுகின்றன என்று நீலம் தடவிப் பார்த்தேன், படிவு சரியாகவே விழுந்தது. அப்புறம் புது வீல் போட்டேன், அதுவும் அதே மாதிரி தேய்கிறது. குழி விழுந்த வார்ம்தான் வீலைத் தின்கிறது என்று நினைக்கிறேன். நிறுத்தியதும் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் மோட்டார் வரும்வரை படகைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தோல் பதனிடும் ஷாப்களின் டிரம் கியர்பாக்ஸ் பார்க்கும் அண்ணன்மார்களே, வார்மைக் கடினப்படுத்தி, கிரைண்ட் செய்து, வீலோடு ஜோடியாக வெட்டித் தருகிற பட்டறை வேலூர், வாணியம்பாடி பக்கம் எங்கே இருக்கிறது?