மறு: இரண்டு கலங்களின் (செல்களின்) மென்சவ்வுகளுக்கு நடுவே உள்ள இடுக்குக்கு என்ன சொல்?

> “சவ்விடைவெளி” என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணை, ஆனால் பிழையாக விளங்கும். இழைமணிக்கு (கலத்துக்குள் சக்தி தருகிற மைற்றோகொண்ட்ரியாவுக்கு) இரண்டு மென்சவ்வு, உயர்தரப் பிள்ளைகள் இந்தச் சொல்லைக் கேட்டதும் அவற்றுக்கு நடுவே உள்ளதைத்தான் நினைப்பார்கள். “கலத்திடைவெளி”யும் சரிவராது, அது இலைக்குள் காற்று நிற்கிற இடம், மைக்ரோமீற்றர் கணக்கு. நாங்கள் பேசுவது, ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்குச் செய்தி கடத்துகிற நரம்பிணைப்பில் ஏறக்குறைய 20 நனோமீற்றர், பக்கத்துக் கலங்களை நுண்குழாய்கள் இணைக்கிற இடைவெளிச் சந்தியில் 2 முதல் 4. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி ஏறக்குறைய 200 நனோமீற்றருக்குக் கீழே இரண்டு கோட்டைப் பிரித்துக் காட்டாது, இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் வேண்டும்.

என் விருப்பம் “நீக்கல்”. வன்னியில் கதவு நீக்கல், வேலி நீக்கல் என்பது அன்றாடப் பேச்சு. நாய் நுழைகிற ஓட்டை பொட்டு. இரண்டு கிடுகுக்கு நடுவே வெளிச்சம் கீற்றாக விழுகிறதே, அது நீக்கல். படத்திலும் அப்படித்தான்: சவ்வுகள் கறுத்த கோடு இரண்டு, நடுவே வெளிறிய கீற்று, ஓரிடத்தில் நெருங்கி இன்னோரிடத்தில் விலகி ஓடும். அதனால் அகலத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. நீக்கலின் நடுக்கோட்டை வரைந்து, அதற்குச் செங்குத்தாகக் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போய், ஒவ்வொரு கோட்டிலும் கறுப்பு எங்கே முடிந்து எங்கே திரும்பத் தொடங்குகிறது என்று படப்புள்ளி எண்ணி, படத்தின் அளவுகோட்டை வைத்து நனோமீற்றருக்கு மாற்ற வேண்டும். இப்படிப் படம் அளக்கிற இமேஜ் ஜே மென்பொருள் இலவசம், பள்ளிக்கூடத்துப் பழைய மடிக்கணினியிலும் ஓடும். படமெடுக்க மெல்லிதாகச் சீவிய வெட்டுத்துண்டு சவ்வுக்குச் சாய்வாக அமைந்த இடத்தில் சவ்வு மங்கி ஓரமே தெரியாது, அதை அளக்காமல் விடுவதுதான் நல்லது. வேலியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நீக்கல் தெரியுமா?

சரி, ஒரு சிக்கல். “சவ்வு நீக்கல்” என்று நான் கரும்பலகையில் எழுத, பின்வரிசைப் பிள்ளை ஒன்று “சேர், எதால நீக்குறது?” என்று கேட்டது. தமிழகத்து நண்பர்களும் அதையே கேட்பீர்கள், நியாயம்தான். ஆகவே “கலத்திடை நீக்கல்”. நடுவில் ‘இடை’ வந்தால் அகற்றுதல் என்று படிக்கத் தோன்றாது. அளந்து வருகிற எண்ணுக்கு “நீக்கலகலம்”, வாய்க்கும் சுலபம்.

அப்புறம், இடைவெளிச் சந்தியையும் “நீக்கற்சந்தி” ஆக்கலாமா என்று யாரும் தொடங்க வேண்டாம். அது பிள்ளைகளின் வாயில் ஏறிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.