“இருபது வருஷமா டேபிள் மாறவே இல்லை” என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சுவடி · இரவு 8.10

சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஐந்தாறு பேர் தேநீர் குடிக்கச் சேர்ந்தபோது தரவுக்காரன் ஒரு வார்த்தை விட்டார். இன்றுவரை மனதில் முள் மாதிரி நிற்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடை. புது வரவு, அறிவிப்பு எல்லாம் வேர்ட்பிரஸில், அதாவது கடையின் இணையத்தளத்தை நடத்துகிற மென்பொருளில். பில் போடுகிற கவுண்டர் மென்பொருள் பிஎச்பி மொழியில் தனியாக எழுதியது. வேர்ட்பிரஸில் போடுகிற புது வரவு கவுண்டர் திரையிலும் தெரிய வேண்டும். எப்படி எடுப்பது என்று பொரளைத் தம்பி கேட்டார். அதற்குத் தரவுக்காரன் சொன்னது: “வேர்ட்பிரஸ் டேபிள் இருபது வருஷமா மாறவே இல்லை. நாலு வரி செலெக்ட் எழுதி எடு. ரெஸ்ட் ஏபிஐ வேலை தெரியாதவர்களுக்கு.” (டேபிள் என்றால் வேர்ட்பிரஸ் தன் தரவை வைக்கிற டேட்டாபேஸ் அட்டவணை. செலெக்ட், அதிலிருந்து நேரே எடுக்கிற கட்டளை. ரெஸ்ட் ஏபிஐ, வெளி மென்பொருள் கேட்டால் வேர்ட்பிரஸே தரவு கொடுக்கிற வழி.)

மாறவே இல்லையா? 2007இல் 2.3 பதிப்பு வந்தபோது பகுப்புகள் இருந்த பழைய டேபிள்கள் போய், டேர்ம்ஸ், டேர்ம் டாக்ஸானமி, டேர்ம் ரிலேஷன்ஷிப்ஸ் என்று மூன்று வந்தன. 2015இல் 4.2 எழுத்துக் குறியாக்கத்தையே மாற்றியது. அந்த வருடம் டிசம்பரில் 4.4உடன் டேர்ம்மெட்டா என்று புது டேபிளே வந்தது. 2024இல் 6.6 வந்தபோது தள அமைப்புகள் இருக்கிற ஆப்ஷன்ஸ் டேபிளில், எதைத் தொடக்கத்திலேயே ஏற்றுவது என்று சொல்கிற ஆட்டோலோட் மதிப்பு ‘யெஸ், நோ’விலிருந்து ‘ஆன், ஆஃப், ஆட்டோ’ என்று மாறியது. 2025இல் 6.8 பாஸ்வேர்ட் ஹாஷை, அதாவது பாஸ்வேர்டை மறைத்துச் சேமிக்கிற வடிவத்தை, பிகிரிப்ட் என்ற முறைக்குக் கொண்டுபோனது. வேர்ட்பிரஸ் பாஸ்வேர்டைத் தன் மென்பொருளில் பழைய முறையில் நேரே ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு, ஒவ்வொரு பயனரின் ஹாஷும் மாற மாற லொகின் உடைந்திருக்கும்.

இதெல்லாம் மாற்றம் இல்லையென்றால் எதை மாற்றம் என்பீர்கள்?

தரவுக்காரன் · இரவு 8.31

தங்கச்சி, நான் சொன்னது பதிவுகள் இருக்கிற போஸ்ட்ஸ் டேபிள். நீங்கள் டேர்ம்ஸ், ஆப்ஷன்ஸ், யூசர்ஸ் என்று ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறீர்கள். தலைப்பு, உள்ளடக்கம், திகதி, நிலை. இந்த நான்கும் அன்றும் அதே பெயரில் இருந்தன, இன்றும் அதே பெயரில் இருக்கின்றன. நிரல் மாறவில்லை. பதினான்கு வருடமாக என் செலெக்ட் ஓடுகிறது, ஒரு எழுத்தும் நான் திருத்தவில்லை.

சுவடி · இரவு 8.36

முதலில் தங்கச்சி என்று கூப்பிடுவதை விடுங்கள். பெயர் இருக்கிறது.

இரண்டாவது, சனிக்கிழமை நீங்கள் “வேர்ட்பிரஸ் டேபிள்” என்றுதான் சொன்னீர்கள், “போஸ்ட்ஸ் டேபிள்” என்று இல்லை. ஐந்து பேர் கேட்டார்கள்.

சுந்தரத்தமிழ் · இரவு 8.40

“நிரல் மாறவில்லை” என்பது பிழை. வேர்ட்பிரஸின் நிரல் ஒவ்வொரு பதிப்பிலும் மாறுகிறது.

தரவுக்காரன் · இரவு 8.42

நிரல் என்றால் கொலம். நிரை குறுக்கே, நிரல் மேலிருந்து கீழே. உயர்தரத்தில் கணிதம் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இது விளங்கும்.

சுந்தரத்தமிழ் · இரவு 8.47

இணையத்தில் எல்லோரும் நிரல் என்பது புரோகிராமை.

தரவுக்காரன் · இரவு 8.49

அது சென்னையில். இங்கே பாடப்புத்தகத்தில் அதற்குச் செய்நிரல் என்று தனிச் சொல் இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கிற சொல்லை நாமே விட்டுவிட்டால் யார் வைத்திருப்பது?

பொரளைத் தம்பி · இரவு 8.52

அண்ணா, அக்கா, நான் செலெக்ட் போட்டுப் பார்த்தேன். நிலை ‘பப்ளிஷ்’ என்று மட்டும்தான் கேட்டேன். புது வரவோடு சேர்ந்து “முகப்பு”, “எங்களைப் பற்றி” என்றெல்லாம் வருகிறது. ஏன்?

சுவடி · இரவு 9.05

பார்த்தீர்களா? இதைத்தான் சொல்கிறேன்.

தம்பி, பதிவு, பக்கம், மெனுவில் இருக்கிற ஒவ்வொரு சுட்டி, எல்லாம் அதே ஒரு டேபிளில்தான் கிடக்கும். மெனு உருப்படிகளுக்கும் நிலை ‘பப்ளிஷ்’தான். பதிவா, பக்கமா, மெனுவா என்று சொல்கிற போஸ்ட் டைப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய பதிவுக்கும் நிலை ‘பப்ளிஷ்’தான் இருக்கும். பூட்டு வேறு நிரலில் இருக்கிறது. மொத்த விலைக்காரர்களுக்கு மட்டும் என்று கடைக்காரர் பூட்டி வைத்த கழிவு விலைப் பட்டியலை உங்கள் நாலு வரி கவுண்டர் திரையில் கொண்டுவந்து போட்டுவிடும். ரெஸ்ட் ஏபிஐயில் கேட்டால் அந்தப் பதிவின் உள்ளடக்கம் வெறுமையாக வரும், ‘புரொடெக்டட்’ என்று குறியும் வரும்.

உள்ளடக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் 5.0 வந்த பிறகு அந்த நிரலில் இருப்பது வெறும் பந்தி இல்லை. ஒவ்வொரு பந்திக்கும் முன்னும் பின்னும் பிளொக் குறிப்புகள், திரையில் தெரியாத எச்டிஎம்எல் கொமென்டாக. முன்னோட்டம் காட்ட முதல் 150 எழுத்தை வெட்டினால் ஒரு குறிப்பு நடுவில் அறுந்து நிற்கும். மூடாத கொமென்ட் கீழே இருக்கிற பக்கத்தை எல்லாம் விழுங்கிவிடும். நிரலின் பெயர் மாறவில்லை, உள்ளே இருப்பது முழுக்க மாறிவிட்டது. வீட்டு இலக்கம் அதேதான் என்பதற்காக உள்ளே குடியிருப்பவரும் அதே ஆள் என்று சொல்வீர்களா?

தரவுக்காரன் · இரவு 9.14

அதாவது நிரல் மாறவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

சுவடி · இரவு 9.15

நான் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆமர்வீதி · இரவு 9.22

இரண்டு பேரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? ஒரே சேர்வரில் இருந்தால் வேர்ட்பிரஸை முழுக்க எழுப்புகிற லோட் கோப்பை உங்கள் பிஎச்பியில் இன்க்ளூட் பண்ணுங்கள். அப்புறம் வேர்ட்பிரஸின் சொந்த ஃபங்ஷன்களைக் கொண்டே பதிவை எடுக்கலாம். பூட்டு, பிளொக், ஷோர்ட்கோட் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். டேபிள் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன?

சுவடி · இரவு 9.40

ஆமர்வீதி, அந்த வழியில் நான் போய் அடிபட்டு வந்தவள். அதனால் சொல்கிறேன்.

அந்தக் கோப்பு ஏறினால் எல்லாப் பிளக்இன்னும் (கூடுதல் வசதிகள்) தீமும் (தோற்றம்) கூடவே ஏறும். அதைச் சகித்துக்கொள்ளலாம். ஆனால் வேர்ட்பிரஸ் ஏறும்போது பிஎச்பியின் நேரவலயத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றி வைக்கிறது. நான் பார்த்த கவுண்டரில் காலை 9 மணிக்கு விற்ற புத்தகத்துக்கு பில்லில் அதிகாலை 3.30 என்று அச்சாகியது. கணக்காளர் மூன்று நாள் கணக்கு மூட முடியாமல் நின்றார்.

அடுத்தது, படிவத்தில் வருகிற எல்லாவற்றுக்கும் அது பின்சாய்கோடு சேர்க்கிறது. டி’சோசா என்று ஆங்கிலத்தில் பெயர் போட்டால் மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு கோடு வந்து அப்படியே சேமிக்கப்படும். பெயரைத் திருத்திச் சேமிக்கச் சேமிக்கக் கோடு பெருகும். கொழும்பில் அந்த மாதிரிப் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது! ஒரு வாடிக்கையாளர் தன் பெயரில் மூன்று கோடுகளோடு பில்லைக் கொண்டுவந்து காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உங்கள் மென்பொருள் லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் என்றால் இன்னும் மோசம். இரண்டு அடிக்கோட்டை மட்டுமே பெயராகக் கொண்ட மொழிபெயர்ப்பு ஃபங்ஷன் இரண்டிலும் இருக்கிறது. லாராவெல் முதலில் ஏறியிருந்தால் வேர்ட்பிரஸ் ஏறும்போதே எல்லாம் விழுந்துவிடும்.

ஆமர்வீதி · இரவு 9.48

அதற்குத்தான் வேர்ட்பிரஸைப் பாதியில் நிறுத்துகிற ஷார்ட்இனிட் என்ற அமைப்பு இருக்கிறது. அதை முதலில் டிஃபைன் பண்ணினால் பிளக்இன், தீம் ஒன்றும் ஏறாது.

சுவடி · இரவு 9.51

ஷார்ட்இனிட் போட்டால் பதிவை எடுக்கிற ஃபங்ஷன்களும் ஏறாது. கையில் மிஞ்சுவது டேட்டாபேஸ் இணைப்பு மட்டும். திரும்பவும் செலெக்ட் எழுத வேண்டியதுதான். தரவுக்காரனின் வாசலுக்கே வந்து நிற்பீர்கள்.

தரவுக்காரன் · இரவு 9.53

என் வாசல் திறந்தே இருக்கிறது. பதினான்கு வருடமாக.

பொரளைத் தம்பி · இரவு 10.02

அக்கா, எங்கள் கவுண்டர் லாராவெல்தான். வேர்ட்பிரஸ் பதிவை லாராவெலில் எடுக்க கோர்செல் என்று ஒரு லைப்ரரி இருக்கிறதே, அது சரிவருமா?

தரவுக்காரன் · இரவு 10.10

கோர்செலும் நேரே டேபிளைத்தான் வாசிக்கிறது, தம்பி. உலகம் முழுக்க ஆட்கள் பாவிக்கிறார்கள். டேபிள் மாறிக்கொண்டே இருந்தால் அப்படி ஒரு லைப்ரரி எப்படி நிற்கும்?

சுவடி மிஸ்ஸிடம் ஒரு கேள்வி. 2017 ஜனவரியில் அதே ரெஸ்ட் ஏபிஐயில் இருந்த ஓட்டையை மறந்துவிட்டீர்களா? 4.7.0, 4.7.1 போட்டிருந்தவர்களின் பதிவுகளை லொகின் இல்லாமல் யாரும் திருத்த முடிந்தது. 4.7.2 வந்துதான் அடைத்தார்கள். என் செலெக்டில் அப்படி ஓட்டை வராது. வாசிக்கிற உரிமை மட்டும் உள்ள தனி மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) யூசர் வைத்திருக்கிறேன்.

சுவடி · இரவு 10.29

அந்த ஓட்டை உண்மை. அடைத்ததும் உண்மை. நீங்கள் உங்கள் மென்பொருளுக்கு ரெஸ்ட் ஏபிஐயைப் பாவிக்காவிட்டாலும் அது அந்தத் தளத்தில் திறந்துதான் இருக்கும். பதிப்பை உயர்த்தாமல் விட்டிருந்தால் உங்கள் செலெக்டா காப்பாற்றியிருக்கும்?

வாசிக்கிற உரிமை என்கிறீர்களே, எந்த டேபிளுக்கு? முழு டேட்டாபேஸுக்கும் கொடுத்திருந்தால் எல்லோருடைய ஈமெயிலும் பாஸ்வேர்ட் ஹாஷும் கவுண்டர் மெஷினில் இருந்து வாசிக்கலாம். செட்டியார் தெருக் கடைக்குச் செய்த வேலையில் அப்படித்தான் கொடுத்திருந்தீர்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் பிறகு அதைத் திருத்தியது நான்.

தரவுக்காரன் · இரவு 10.33

செட்டியார் தெருவை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த வேலை உங்களுக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்தது. அந்தக் கோபம்தான் இரண்டு வருடமாக ஒவ்வொரு பேச்சிலும் வருகிறது.

சுவடி · இரவு 10.41

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் கேட்டதில் பாதி விலைக்கு “நாலு வரி வேலை” என்று சொல்லி எடுத்தீர்கள். கடைக்காரர் மும்மொழித் தளம் வைத்திருந்தார். மொழியைப் பிரிக்கிற பிளக்இன் எந்தப் பதிவு எந்த மொழி என்பதை டாக்ஸானமி டேபிள்களில் வைத்திருந்தது. உங்கள் செலெக்ட் போஸ்ட்ஸ் டேபிளை மட்டும் பார்த்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்து ஒரே அறிவிப்பு மூன்று தடவை திரையில் ஓடியது. தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக வந்தது, இணைப்பில் குறியாக்கம் சொல்லாததால். கடைக்காரரின் அம்மா அந்தத் திரையைப் பார்த்து, “தமிழுக்கு மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இதை நான் விடமாட்டேன்.

சுந்தரத்தமிழ் · இரவு 10.46

“பாவிப்பது” என்பதும் எழுத்துத் தமிழ் இல்லை. “பயன்படுத்துவது.”

ஆமர்வீதி · இரவு 10.47

ஐயா, அதை நாளைக்குக் கதைப்போம்.

தரவுக்காரன் · இரவு 10.58

குறியாக்கம் ஒரு வரியில் திருத்துகிற விஷயம். அதற்காக டேபிள் மாறியது என்று ஆகாது.

ரெஸ்ட் ஏபிஐயில் ஒரு தடவைக்கு 100 பதிவுக்கு மேல் தராது. 4,000 புத்தகம் இருந்தால் 40 தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் முழு வேர்ட்பிரஸும் எழுந்து வர வேண்டும். 2022 மார்ச்சில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, ரூட்டரும் இல்லை, ஃபோனிலும் சிக்னல் இல்லை. அன்று உங்கள் ஏபிஐ எங்கே போய்ப் பதில் தரும்? என் வாடிக்கையாளர்கள் லெப்டொப் பற்றரியில் புது வரவு பார்த்தார்கள். இரவில் எடுத்து வைத்த பிரதி அவர்கள் மெஷினிலேயே இருந்தது.

சுவடி · இரவு 11.12

பிரதி எடுத்து வைத்தது நல்ல வேலை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது நாலு வரி செலெக்ட் இல்லை, இரவில் ஓடுகிற தனி வேலை. அதையே ரெஸ்ட் ஏபிஐயால் செய்யலாம். 2021இல் 5.7 வந்ததிலிருந்து ‘இந்த நேரத்துக்குப் பிறகு திருத்தியவை மட்டும் தா’ என்று கேட்க முடியும். முதல் நாள் 40 தடவை, அடுத்த நாளிலிருந்து ஒரு தடவை. வந்ததை உங்கள் சொந்த டேபிளில் வையுங்கள். கரண்ட் போனாலும் கவுண்டர் ஓடும். அழித்த பதிவுகள் மட்டும் அதில் வராது. வாரம் ஒரு தடவை ஐடிகளை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

தம்பி, சுட்டியைத் தமிழ்த் தலைப்பை வைத்து நீங்களே கட்ட வேண்டாம், ரெஸ்ட் தருகிற சுட்டியை அப்படியே எடுங்கள். சுட்டிப் பெயருக்கு 200 எழுத்துத்தான் இடம். தமிழில் ஒரு எழுத்துக் குறி ஒன்பது இடம் பிடிக்கும், குற்றும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. “புத்தகக் கண்காட்சி அறிவிப்பு” என்று தலைப்புப் போட்டால் சுட்டி “அறிவி” என்பதோடு அறுந்து நிற்கும். முழுத் தலைப்பையும் வைத்து நீங்கள் கட்டினால் அது அந்தச் சுட்டியாக இருக்காது.

தரவுக்காரன் · இரவு 11.20

200 இடம். அந்த நிரலும் அன்றிலிருந்து அதே 200தான். மாறவில்லை.

சுவடி · இரவு 11.21

நான் என்ன சொல்கிறேன், நீங்கள் எதைப் பிடித்துக்கொள்கிறீர்கள்!

பொரளைத் தம்பி · இரவு 11.26

அக்கா, ஹோஸ்டிங்காரர் வெளியில் இருந்து மைஎஸ்கியூஎல் இணைப்பே விடமாட்டாராம். இப்போதுதான் பதில் அனுப்பினார். அப்படியென்றால் ரெஸ்ட்தானே?

தரவுக்காரன் · இரவு 11.29

ஹோஸ்டிங்கை மாற்று.

ஆமர்வீதி · இரவு 11.30

கவுண்டர் மென்பொருளை அதே ஹோஸ்டிங்கில் ஏற்று.

சுவடி · இரவு 11.38

ஒரு செலெக்டுக்காகக் கடைக்காரர் தன் ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டுமா? தம்பி, நாளைக்கு லஞ்ச் நேரம் கோல் எடுங்கள், நானே இருந்து முதல் இழுவையைச் செய்து தருகிறேன்.

தரவுக்காரனுக்கு: 2.3க்கு முந்திய டேபிள் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளை இங்கே போடுவேன்.

தரவுக்காரன் · இரவு 11.40

போடுங்கள். போஸ்ட்ஸ் டேபிளை மட்டும் போடுங்கள்.

சுவடி · இரவு 11.41

எல்லாவற்றையும் போடுவேன்.