கூரை விசிறியா, விசிறிக் காற்றுவாயா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான பயண டிரெய்லரின் கூரையில் சதுரமாக வெட்டிப் பொருத்தும் காற்றோட்டக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நான் கேட்டதற்கு வந்த மறுமொழிகளை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். கூரை விசிறி, கூரைக் காலதர், வளிபோக்கி, காற்றுமாற்றி என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்கிலும் சிந்தனை தெரிகிறது. ஆயினும் எதையும் அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. அதற்கான காரணங்களையும், அந்தக் காரணங்களைத் தொடர்ந்து போனதில் எனக்குக் கிடைத்த ஐந்தாவது சொல்லையும் இங்கே எழுதுகிறேன். டிரெய்லர் என்பதற்கு உரிய தமிழ்ச்சொல்லைத் தனி இழையில் பேசிக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் இரண்டுமே முடியாது.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளை ஒருமுறை கண்ணெதிரே வைத்துக்கொள்வோம். கூரையில் பக்கத்துக்கு 14 அங்குலம், அதாவது ஏறக்குறைய 35.5 சென்டிமீட்டர் அளவில் ஒரு சதுரத் திறப்பு இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் 40 சென்டிமீட்டர் திறப்பும் பரவலாக உண்டு. அந்தத் திறப்பின்மேல், அகன்ற தட்டையான விளிம்புடைய ஒரு சட்டம் கூரையோடு ஒட்டி உட்காரும். சட்டத்தின் மேலே கீல் வைத்த மூடியும், உள்ளே ஓர் அடி அகலத்துக்குச் சற்று முன்பின்னான விசிறியும், அதற்குக் கீழே பூச்சிவலையும் இருக்கும். வண்டிக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வெட்டிய ஓரம் தெரியாதபடி மறைக்கும் ஓர் உட்சட்டமும் உண்டு. விசிறி 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவதால் வண்டியின் மின்கலமே அதற்குப் போதும். இவற்றோடு ஒரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல டிரெய்லர்களில் தொழிற்சாலையிலேயே விசிறியில்லாத வெறும் காற்றுத் திறப்பு ஒன்றை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். வாங்கியவர் பிறகு அதைக் கழற்றிவிட்டு, அதே துளையில் விசிறி உள்ளதைப் பொருத்திக்கொள்கிறார். விசிறியை எடுத்துவிட்டாலும் திறப்பு திறப்பாகவே இருந்து தன் வேலையைச் செய்கிறது. திறப்பை அடைத்துவிட்டாலோ விசிறிக்கு அங்கே வேலையே இல்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியின்மேல்தான் நிற்கிறது.

கூரை விசிறி என்ற சொல்லை முன்மொழிந்த நண்பர், அது எளியது, பாமரருக்கும் புரியும் என்றார். எளியதுதான். ஆனால் கூரை விசிறி என்றதும் கேட்பவருக்கு நினைவுக்கு வருவது தலைக்குமேல் தண்டில் தொங்கிச் சுழலும் மின்விசிறி. இருக்கும் காற்றை அறைக்குள்ளேயே சுழற்றுவது அது. நாம் பேசும் கருவி அந்தக் காற்றையே வெளியேற்றிவிட்டு வேறு காற்றுக்கு இடம் தருவது. இன்னொரு தடையும் இருக்கிறது. தமிழ்த் தொகையில் முதன்மைப் பொருள் பெரும்பாலும் பின்சொல்லில் நிற்கும். தயிர்க்குடம் என்றால் தயிரை உடைய குடம், பேசப்படுவது குடம். கூரை விசிறி என்னும்போது பேசப்படுவது விசிறியாகிவிடுகிறது. ‘ரூஃப் வென்ட் ஃபேன்’ என்ற ஆங்கிலப் பெயரில் விசிறி கடைசியில் நிற்கிறது என்பதற்காக நாமும் அதைக் கடைசியில் நிறுத்த வேண்டியதில்லை.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று என்பதை என் கையாலேயே கெடுத்த ஒரு வேலையிலிருந்து கற்றுக்கொண்டேன். டிரெய்லரில் இந்தக் கருவியைப் பொருத்தும் நாளில், பொருத்துமுறைக் குறிப்பைத் தமிழில் எழுதி என் தம்பியிடம் கொடுத்திருந்தேன். நான் ஏணிமேல் நின்று, வெட்டிய துளையின் ஓரத்தில் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். குறிப்பின் மூன்றாவது வரியில், ‘சட்டத்தைக் கூரையில் வைத்துத் திருகாணிகளை முடுக்கவும்’ என்று எழுதியிருந்தேன். தம்பி வண்டிக்குள் இருந்தான். அவன் கையில் இருந்தது உட்சட்டம். அவன் தலைக்குமேல் இருந்ததும் அவனுக்குக் கூரைதான். எழுதியபடியே செய்தான். நான் நீர் கசியாமல் அடைக்கும் பியூட்டைல் பட்டையை ஒட்டி வெளிச்சட்டத்தைத் துளைக்குள் இறக்கியபோது அது பாதியில் தட்டி நின்றது. கீழே பார்த்தால், கடைசியாக, அதுவும் மின்கம்பிகளை இணைத்த பிறகு, உட்கூரையின் கனத்துக்கேற்ப உயரத்தை வெட்டிப் பொருத்த வேண்டிய உட்சட்டம், வெட்டப்படாமலேயே நான்கு மூலைகளிலும் முடுக்கப்பட்டிருந்தது. கழற்றினோம், மெல்லிய ஒட்டுப்பலகையில் நான்கு துளைகள் தேவையின்றி விழுந்துவிட்டன. பிழை அவனுடையது அன்று. வெளியே மழை படும் பரப்பையும் உள்ளே கண்ணுக்குத் தெரியும் பரப்பையும் ஒரே சொல்லால் குறித்த என்னுடையது.

ஆகவே கருவியின் பெயருக்கு முன்பே ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மழை படும் வெளிப்பரப்பு கூரை. வண்டிக்குள்ளிருந்து தெரிவது உட்கூரை. விதானம் என்ற சொல் அழகானதுதான். ஆனால் அது துணியாலான மேற்கட்டியையும் நினைவூட்டுவதால் இங்கே வேண்டாம் என்பது என் கருத்து. இந்த இரண்டு பரப்புகளுக்கும் இடையே இரண்டு மூன்று அங்குல இடைவெளியில்தான் குறுக்குச் சட்டங்களும் மின்கம்பிகளும் வெப்பத்தடுப்பு நுரையும் இருக்கின்றன. துளை வெட்டுபவர் கம்பியை அறுத்துவிடாமல் இருக்க அந்த இடைவெளியை அறிந்திருக்க வேண்டும். திருகாணியை முடுக்கும்போது நுரை நசுங்கிக் கூரை உள்வாங்காமல் இருக்க, துளையைச் சுற்றி மரச்சட்டம் கொடுக்க வேண்டும். கூரைக்கும் உட்கூரைக்கும் தனித்தனிச் சொல் இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றையும் குழப்பமில்லாமல் எழுத முடியாது.

காலதர் எனக்கு மிகவும் பிடித்த சொல். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்று வரும் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கண் காலதர் மாளிகை’ என்று வருகிறது. மானின் கண்ணைப் போன்ற துளைகளோடு காற்றை உள்ளே விட்ட அந்த அமைப்பின் பெயர் இந்தக் கருவிக்கும் பொருந்தாதா என்று முன்மொழிந்தவர் கேட்டது நியாயமே. நானும் முதலில் அதன் பக்கமே சாய்ந்திருந்தேன். என்னைத் தடுத்தது இதுதான்: தனித்தமிழில் எழுதுவோர் சன்னலுக்கே காலதர் என்று எழுதி வருகிறார்கள். அப்படியிருக்கக் கூரைக் காலதர் என்றால் கூரையில் வைத்த சன்னல் என்று பொருள்படும். டிரெய்லரில் அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. குளிக்கும் இடத்துக்கு மேலே, வெளிச்சத்துக்காக வைக்கும் திறக்காத குவிந்த கண்ணாடியோ பிளாஸ்டிக்கோதான் அது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்றன் பெயரை மற்றொன்றுக்குக் கொடுப்பது நல்லதன்று. காலதரை அந்த வெளிச்சத் திறப்புக்கும் கொடுக்க முடியாது, ஏனெனில் அதில் காற்று வராது. வருத்தத்தோடுதான் விலக்குகிறேன்.

வளிபோக்கி என்ற சொல் புகைபோக்கியின் வார்ப்பில் அமைந்தது. சொல்லமைப்பில் குறையே இல்லை. சமையலறைச் சுவரில் காற்றை வெளியே மட்டும் தள்ளும் விசிறிக்கு அதை இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டிரெய்லர்க் கூரைக் கருவிகளில் பலவும் இருவழியாக இயங்குபவை. நேர்மின்னோட்ட மோட்டாரின் முனைகளை மாற்றினால் சுழற்சி திசை மாறும். அப்போது அதே விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் போக்கி என்று அழைப்பது பொருந்தாது. இந்தக் குறையை உணர்ந்தே மற்றொரு நண்பர் காற்றுமாற்றி என்றார். அதன் கருத்து மிகச் சரியானது என்பதைக் கணக்கே காட்டுகிறது. 20 அடி நீளம், 8 அடி அகலம், ஆறரை அடி உயரமுள்ள வண்டியின் உள்ளளவு 1040 கன அடி. நல்ல விசிறி ஒன்று முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 கன அடிக் காற்றைத் தள்ளும். வண்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒன்றேகால் நிமிடத்துக்குள் மாறிவிடலாம் என்கிறது தாளில் போட்ட கணக்கு. உண்மையில் பொருள்களும் பூச்சிவலையும் திறந்திருக்கும் சன்னலின் அளவும் அதைக் குறைக்கும்; இருந்தாலும் வேலை காற்றை மாற்றுவதுதான். ஆனால் மாற்றி என்ற ஈறு மின்மாற்றியிலும் ஆற்றல் மாற்றியிலும், ஒன்றை வேறொன்றாக ஆக்குவது என்ற பொருளில் கலைச்சொல்லாகவே ஊன்றிவிட்டது. காற்றுமாற்றி என்று கேட்கும் மாணவர், காற்றை எதுவாக மாற்றுகிறது என்றுதான் கேட்பார்.

எனவே நான் முன்வைப்பது காற்றுவாய். வாய் என்பது திறப்பு. வாயில், வாய்க்கால், குகைவாய் என்று நாம் நாள்தோறும் புழங்கும் பொருள். வாய் திறக்கும், மூடும். உள்ளே இழுக்கும், வெளியே ஊதும். இருவழியாக இயங்கும் ஒரு திறப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. விசிறியில்லாமல் மூடி மட்டும் உள்ளது கூரைக் காற்றுவாய். விசிறியோடு வருவது விசிறிக் காற்றுவாய். தயிர்க்குடத்தைப் போல, விசிறியை உடைய காற்றுவாய். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது, ‘கூரைக் காற்றுவாயை எடுத்துவிட்டு விசிறிக் காற்றுவாயை வைத்தேன்’ என்று சொன்னால், எது மாறாமல் இருந்தது, எது கூடியது என்பது சொல்லிலேயே விளங்கிவிடுகிறது. வேற்றுமை உருபுகளும் சிக்கலின்றி ஏறுகின்றன: காற்றுவாயில், காற்றுவாய்க்கு, காற்றுவாயின் மூடி. பன்மையில் காற்றுவாய்கள் என்பது சற்றுக் கரடாக ஒலிக்கலாம். வாயில்கள், கால்வாய்கள் பழகியதுபோல அதுவும் பழகிவிடும்.

இரண்டு இயக்க நிலைகளுக்கும் பெயர் வேண்டும். இதில் நாம் சிறிதும் தெளிவின்றி இருக்கக் கூடாது. காற்று வாங்கும் நிலை, காற்றுப் போக்கும் நிலை என்பவை என் பரிந்துரை. காற்று வாங்குதல் என்பது வெளியில் உலாவச் செல்வதையும் குறிக்குமே என்று தோன்றலாம்; ஒலிவாங்கி என்ற சொல்லில் வாங்குதல் உள்ளே பெறுதலாக முன்பே நிலைத்துவிட்டதால் அச்சம் வேண்டாம். தெளிவு ஏன் தேவை என்றால், எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டுப் போக்கும் நிலையில் விசிறியை முழு வேகத்தில் ஓட விட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து, கிடைத்த இடுக்கு வழியாகவெல்லாம் காற்று உள்ளே வரும். எரிவாயுவில் இயங்கும் கருவியின் புகைவழியும் அந்த இடுக்குகளில் ஒன்றாகிவிட்டால், வெளியே போக வேண்டிய புகை படுக்குமிடத்துக்குத் திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். விசிறியை இயக்கும் பொத்தானில் எழுதியிருக்கும் சொல்லைப் படித்தவுடன், ஒரு சன்னலையாவது திறக்க வேண்டும் என்று பயனருக்குத் தோன்ற வேண்டும். ‘போக்கும் நிலை’ என்றால் அது தோன்றும். ‘முன்சுழற்சி’, ‘பின்சுழற்சி’ என்று எழுதினால் தோன்றாது.

உறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. மூடி, கீல், விளிம்பு, பூச்சிவலை, உருகி, திருகாணி எல்லாம் கையில் இருக்கின்றன. பட்டியலில் கீலுக்கு மட்டும் ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும்: கீல் வண்டியின் முன்பக்கமாக அமைய வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தில் எதிர்வரும் காற்று மூடியை அமுக்கும். மாற்றி வைத்தால் அதே காற்று மூடியைப் பிய்த்துக்கொண்டு போகும்.

நீர் கசியாமல் அடைக்கும் இரண்டு பொருள்களுக்குத்தான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. விளிம்புக்குக் கீழே வைப்பது நாடாவாக வருவது, காலமெல்லாம் இளக்கமாகவே இருப்பது. அதைப் பியூட்டைல் பட்டை என்று வேதிப்பெயரோடு சொல்வதே நல்லது. திருகாணித் தலைகள்மேலும் விளிம்பின் ஓரத்திலும் ஊற்றுவது தானே பரவிப் படிந்து, மேலே தோல் கட்டி, உள்ளே நெகிழ்வாக நிற்பது. பட்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். சுவருக்குப் பூசும் பட்டி காய்ந்து இறுகிவிடும், வண்டியோ ஓடும்போதெல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே அது தவறான எண்ணத்தைத் தரும். மரக்கலம் கட்டுவோர் பலகைச் சந்துகளை அடைப்பதைக் கலப்பற்று என்றார்கள். வேலை ஏறத்தாழ அதுவே என்றாலும், இங்கே செயலைவிடப் பொருளுக்கே பெயர் தேவை. அடைபசை என்று வைத்துக்கொள்வோம். பரவுவது பரவும் அடைபசை, செங்குத்துப் பரப்பில் வழியாமல் நிற்பது நிற்கும் அடைபசை. சிலிக்கோனை இந்தப் பெயருக்குள் கொண்டுவர வேண்டாம் என்று வேண்டுகிறேன். அது காய்ந்த இடத்தில் பின்னாளில் வேறெதுவும் ஒட்டாது. அடைபசை என்ற பொதுப்பெயரை நம்பி ஒருவர் கூரையில் அதைப் பூசிவிட்டால், பிறகு பழுதுபார்ப்பவர்தான் மணிக்கணக்கில் சுரண்ட வேண்டியிருக்கும்.

தீராமல் இருப்பது ஒன்றே ஒன்று. மழையிலும் ஓட்டத்திலும் மூடியைத் திறந்தே வைத்துக்கொள்ள, காற்றுவாய்க்கு மேலே பக்கவாட்டுத் துளைகளோடு நிலையாகக் கவிழ்த்து வைக்கும் உறை ஒன்று இருக்கிறது. அதையும் மூடி என்றால் மூடிக்கு மேல் மூடி என்றாகிவிடும். கூண்டு வண்டியின் மேலே வளைந்து மழையையும் வெயிலையும் தடுத்ததைக் கூண்டு என்றே அழைத்தோம் என்பதால் மழைக்கூண்டு என்று எழுதிப் பார்த்தேன். கூண்டு என்றால் பறவையை அடைக்கும் கம்பிக்கூடுதான் தோன்றுகிறது என்று என் தம்பி சொல்கிறான். உங்களுக்கு எது தோன்றுகிறது என்று எழுதுங்கள்.