சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு விட ஒரு வீடு: புக்கிங் பணம் கட்டலாமா?

பால்வெட்டி மகன்:
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு மாடி தெரஸ் (வரிசை) வீடு, விலை 180,000 ரிங்கிட். குடியிருக்கும் வீட்டுக்கு ஏற்கெனவே கடன் ஓடுகிறது. இது வாடகைக்கு விட. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் அப்பாவும் கொஞ்சம் தருகிறார், அதனால்தான் பயம். இப்போது உள்ளே வாடகைக்கு இருப்பவர் மாதம் 800 தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். புக்கிங் பணமாக விலையில் 2 விழுக்காடு, அதாவது 3,600 ரிங்கிட்டை இன்றைக்கே தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். போடலாமா?

தாமான் அக்கா:
போடாதே தம்பி. 2 விழுக்காடு கேட்பது வழக்கம்தான், மீதி 8 ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது. ஆனால் பணம் ஏஜென்சியின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். அந்த ஏஜென்டின் பதிவு எண்ணை வாங்கி ஏஜென்ட் வாரியத்தின் இணையதளத்தில் பார். நில அலுவலகத்தில் கிராண்டையும் (நிலப் பட்டாவையும்) தேடிப் பார்த்துவிடு: குத்தகை நிலமா, எத்தனை வருடம் மீதி, கேவியட் (பெயர் மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) உண்டா என்று தெரிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
கணக்கைப் பார்ப்போம். 90 விழுக்காடு கடன் 162,000. வட்டி 4.5, 30 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 821. வாடகையோ 800! நான் எப்போதும் வருடத்துக்கு 11 மாத வாடகையைத்தான் கணக்கில் எடுப்பேன், வீடு ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும். அப்படியானால் மாதம் 733தான். வீட்டு வரி, நில வரி, கூரை ஒழுகல் எல்லாம் இதற்கு மேல். மீதி 10 விழுக்காடான 18,000 மட்டும் கையில் இருந்தால் போதாது; பெயர் மாற்ற முத்திரை வரி 2,600, கடன் பத்திரத்துக்கு 810, வக்கீல் கட்டணம் வேறு. நட்டத்தில் ஓடுகிறதென்று மூன்று வருடத்துக்குள் விற்றால், லாபம் வந்தாலும் அதில் 30 விழுக்காடு வரி. 150,000க்குக் கேட்டுப் பாருங்கள். தவணை 684க்கு இறங்கும், கொஞ்சம் மூச்சு விடலாம்.

பால்வெட்டி மகன்:
நன்றி அக்கா, அண்ணே. நேற்று வீட்டுக்கே போனேன். உள்ளே இருப்பவர் நான்கு மாதமாக வாடகையே கட்டவில்லையாம். ஏஜென்டிடம் கேட்டால், "வாங்கின பிறகு கரண்டை வெட்டிவிடு, தானே போய்விடுவார்" என்கிறார்.

தாமான் அக்கா:
அதை மட்டும் செய்துவிடாதே! வாடகைக் காலம் முடிந்த பிறகும் அவர் வெளியேறாமல் இருந்தாலும், 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 7ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் மூலமாகத்தான் வெளியேற்ற முடியும். பூட்டை மாற்றுவதும் தப்பு. உள்ளே குழந்தைகள் இருக்கலாம், தம்பி. வீட்டைக் காலியாக ஒப்படைப்பது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல். அப்புறம் நீ புது ஆளை வைக்கும்போது இரண்டு மாத டெப்பாசிட், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடு. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டிவிடு.

பால்வெட்டி மகன்:
சரி அக்கா. 150,000, காலி வீடு என்று சொல்லிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. கிராண்ட் எண் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை நில அலுவலகம் போகிறேன், அப்பாவும் வருகிறார்.