12 வயதுப் பையனுக்கு ட்வின் பிளாக் இப்போதே போடலாமா, காத்திருந்து அலைனர் போடலாமா?

மன்னை அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு 12 வயது. மேல் முன்பல் நல்ல எடுப்பு, சும்மா இருக்கும்போது கீழ் உதடு மேல் பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. தஞ்சாவூரில் பல் சீரமைப்பு டாக்டர் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லை விடக் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதுதான் பிரச்சினை, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் இருக்கிறது, முதலில் ட்வின் பிளாக் என்று ஒரு பிளேட், அது முடிந்ததும் கிளிப் என்றார். சென்னையில் இருக்கும் நாத்தனார் "இந்தக் காலத்தில் யார் பிளேட் மாட்டுகிறார்கள், 16 வயதாகட்டும், வெளியே தெரியாத பிளாஸ்டிக் தட்டு, அலைனர், போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். மாமியார் வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார். பிளேட் உண்மையிலேயே வேலை செய்யுமா? காத்திருந்தால் என்ன நஷ்டம்?

குடமுருட்டிக் கரை:
அக்கா, நான் கும்பகோணத்தில் டென்டல் லேபில் வேலை பார்க்கிறேன், ட்வின் பிளாக் நிறையச் செய்து கொடுத்திருக்கிறேன், அதனால் அது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பையனைக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக் கடிக்கச் சொல்லி, டாக்டர் மெழுகில் ஒரு பதிவு எடுத்து, பல் அச்சோடு அனுப்புவார். அந்தக் கடியில் அச்சை நிறுத்தி மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு பிளேட் செய்வோம். இரண்டிலும் பின்பக்கம் அக்ரிலிக்கில் ஒரு மேடு இருக்கும், அந்த மேடுகள் சந்திக்கிற முகம் சுமார் 70 டிகிரி சரிவு. வாயை மூடினால் கீழ் மேடு மேல் மேட்டுக்கு முன்னால் வழுக்கிப் போய்த்தான் உட்கார முடியும், பின்னால் போக வழியே கிடையாது. கடைவாய்ப் பல்லைப் பிடிக்க 0.7 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பியில் ஆடம்ஸ் கிளாஸ்ப் வளைப்போம், அந்தப் பிடி தளர்ந்தால் மொத்தமும் வீண், ஆடுகிறது என்று பையன் சொன்னால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். நடுவில் சின்னத் திருகு இருந்தால் சாவியால் ஒரு கால் திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் அகலும், டாக்டர் சொன்ன நாளில் மட்டும் திருப்புங்கள்.

இதை 1977-இல் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க். கீழே விழுந்து முன்பல் பெயர்ந்து வந்துவிட்ட ஒரு பையனுக்காகச் செய்தது. பல்லைத் திரும்ப வைத்துவிட்டார்கள், ஆனால் கீழ் உதடு உங்கள் பையனுக்குப் போலவே மேல் பல்லுக்குப் பின்னால் சிக்கி அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது, தாடையை முன்னால் கொண்டுவந்தால்தான் அந்தப் பல் நிற்கும் என்ற நிலைமை.

ஓடம்போக்கி:
எங்கள் பெண் திருவாரூரில் படிக்கும்போது போட்டாள். முதல் சில நாள் எச்சில் வழியும், "ச", "ஸ" எல்லாம் குழறும். நாங்கள் தினமும் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வைத்தோம், சீக்கிரம் பழகிவிட்டது. காலையில் தாடைத் தசை வலிக்கும், அதுவும் குறைந்துவிடும். ஒரு டப்பா வாங்கி, பிளேட் வாயில் இல்லாவிட்டால் டப்பாவில்தான் என்று பழக்குங்கள். ஒரு கல்யாணப் பந்தியில் கழற்றி இலை ஓரமாக வைத்தாள், பேச்சு சுவாரசியத்தில் அப்படியே இலையை மடித்துவிட்டாள், எச்சில் இலைக் கூடையைக் கொட்டித் தேடி எடுத்தோம். கேலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வகுப்பில் கிளிப் போட்ட பிள்ளைகள் இப்போது எத்தனை பேர் என்று பையனையே கேளுங்கள்.

கொள்ளிடத்துக்கு வடக்கே:
பல் சீரமைப்பில் மேற்படிப்பு படித்தவன் என்ற முறையில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு. வளர்ச்சி வேகம் பிடிக்கிற வயதில்தான் ட்வின் பிளாக்குக்குப் பலன் அதிகம், பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் வடிவத்தைப் பார்த்து அந்தப் பருவம் வந்துவிட்டதா என்று கணிப்போம். எல்லாமே தாடை வளர்ந்து வருகிற மாற்றம் என்று சொல்ல மாட்டேன், பெரும் பங்கு மேல் பல் உள்ளேயும் கீழ்ப் பல் வெளியேயும் சாய்வதால் வருவது, தாடையின் பங்கு அதைவிடக் குறைவு. ஆனாலும் வளர்ச்சி நின்றபின் வந்தால் மீதி வழி இரண்டுதான், மேலே இரண்டு முன்கடைவாய்ப் பல்லை எடுத்து இடைவெளியை மூடுவது, இல்லாவிட்டால் தாடை அறுவை சிகிச்சை. இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை: எடுப்பான முன்பல் விழுந்தால் முதலில் உடைவது. சைக்கிள் ஓட்டுகிற, கபடி ஆடுகிற பையனுக்கு இது சின்ன விஷயமில்லை, சீக்கிரம் சரிசெய்தால் முன்பல் அடிபடுவது குறைகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன.

தாடை தானாக முன்னால் வந்து 9 மில்லிமீட்டர் சரியாகிவிடும் என்று நம்ப இடமில்லை, பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அலைனரைக் குறை சொல்லவில்லை. 1997-இல் அலைன் கம்பெனி ஆரம்பித்து இன்விசலைன் என்ற அலைனர் வந்த பிறகு எத்தனையோ பெரியவர்கள் தைரியமாகச் சிகிச்சைக்கு வந்தார்கள். ஒவ்வொரு தட்டும் பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும், நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். டாக்டரைப் பார்க்காமல் நாமே அச்செடுத்துத் தபாலில் வாங்குகிற வகையை மட்டும் தொடவே வேண்டாம், அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அப்படிப்பட்ட கம்பெனி 2023 டிசம்பரில் மூடியபோது பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். செலவுதான் தடை என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

மன்னை அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பிளேட்டுக்கு அப்புறம் கிளிப் எதற்கு என்று பையன் கேட்கிறான். சாப்பாட்டுக்கும் பிளேட்டைக் கழற்ற வேண்டாமாமே?

கொள்ளிடத்துக்கு வடக்கே:
ஆமாம், மாட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும். மெல்லும்போது வருகிற விசைதான் இதற்கு மூலதனம், அதனால்தான் கிளார்க் மேல் கீழ் என்று இரண்டாகப் பிரித்தார். சாப்பிட்ட உடனே கழற்றிப் பல்லையும் பிளேட்டையும் பிரஷ்ஷால் தேய்க்கட்டும், வெந்நீர் மட்டும் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும்.

கிளிப் எதற்கென்றால், பிளேட் தாடையை முன்னால் கொண்டுவரும், ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகத் திருப்பி நிமிர்த்தாது. அதற்குப் பல்லில் ஒட்டுகிற பிராக்கெட்டும் அதில் மாட்டுகிற கம்பியும் வேண்டும், அதுதான் கிளிப். ஆரம்பத்தில் போடுவது நிக்கல் டைட்டானியம் கம்பி, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வேறு காரணத்துக்காகப் பிறந்த உலோகம், 1970-களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் பல்லுக்குக் கொண்டுவந்தார். எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுப்பில்தான் பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. சில வகைக் கம்பி சூட்டில் இறுகும், குளிரில் இளகும். வலிக்கிறது என்றால் அந்த நேரம் காபி வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். கரும்பு கடிப்பதும் சீடையும் கிளிப் கழற்றும் வரை கிடையாது, பொங்கலுக்குக் கரும்புச் சாறு குடிக்கட்டும்.

குடமுருட்டிக் கரை:
கிளிப் கழற்றுகிற அன்றே ரிடெய்னருக்கு, அதாவது சரியான பல் திரும்பப் போகாமல் பிடித்து வைப்பதற்கு, அச்சு எடுத்துவிடச் சொல்லுங்கள் அக்கா. பரீட்சை, ஊர்த் திருவிழா என்று தள்ளிப்போட்டுவிட்டு அப்புறம் வந்தால் பல் கொஞ்சம் பழைய இடத்துக்குப் போயிருக்கும், ரிடெய்னர் உட்காரவே உட்காராது.