ரம்மியில் ஸ்கூட் விட்டவர் அடுத்தவர் சீட்டைப் பார்த்துப் பேசுகிறார், என்ன செய்வது?

வணக்கம். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ரம்மி ஆடுகிறோம். ஆறு பேர், ரெண்டு கட்டு, ஆளுக்கு 13 சீட்டு, 201 பாயின்ட் (அதை எட்டியவர் வெளியேற வேண்டும்). காசு கிடையாது. பொங்கலிலிருந்து ஒரே பிரச்சினை.

பெரியப்பாவுக்கு 68 வயது. சீட்டு சரியில்லை என்றால் முதல் சுற்றிலேயே ஸ்கூட் விட்டுவிடுவார், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார். அது அவர் உரிமை. அவர் கணக்கில் 20 பாயின்ட் எழுதிக்கொள்கிறோம். பிறகு எழுந்து ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று கையிலுள்ள சீட்டைப் பார்க்கிறார். பார்த்தால்கூடப் பரவாயில்லை, "அடடா, ஒத்த சீட்டுல நிக்குதே!" என்கிறார், அதாவது இன்னும் ஒரு சீட்டு வந்தால் அந்தக் கை ஜெயித்துவிடும். உடனே எல்லோரும் உஷாராகி, போடவிருந்த சீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன வாரம் என் 12 வயது மகள் ஜோக்கர் இல்லாமல் சீக்வென்ஸ் (ஒரே இனத்தில் வரிசையாக வரும் சீட்டுகள்) சேர்த்து, கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார், அடுத்த சுற்றில் வேறொருவர் ஷோ காட்டி ஜெயித்துவிட்டார். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே போனவள், இனி ஆட வரமாட்டேன் என்கிறாள்.

தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "வீட்டு ஆட்டம்தானேப்பா" என்று சிரித்தார். ஸ்கூட் விட்டவரே புள்ளி எழுத வேண்டும் என்றோம், எழுதிக்கொண்டே பேசினார். பேசினால் 10 பாயின்ட் அபராதம் என்றோம், அவர் பெயரில் எழுத யாருக்கும் கை வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் ரம்மி கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவரை விட்டுவிட்டு ஆடும் எண்ணம் இல்லை.

பெரியவர் மனம் நோகாமல், ஸ்கூட் விட்டவர் பேசாமலிருக்க உங்கள் வீட்டில் என்ன விதி வைத்திருக்கிறீர்கள்?